பேராசிரியர் சிதம்பரநாதனார்க்கு, ஏழாம் வகுப்பிலிருந்து

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அ. சிதம்பரநாதனார் அவர்களுக்கு,

1967இல் நீங்கள் மறைந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. உங்கள் கைக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். திறந்த மடலில் ஒரு வசதி உண்டு: முகவரிக்காரர் வாங்காவிட்டாலும் ஊர் பிரித்துப் படித்துவிடும்.

நன்றி எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் 1963 தொடங்கி 1965க்குள் வெளிவந்தது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் நீங்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு வயதில், வாய்க்குள் நுழையாத பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களை நான் கற்றுக்கொண்டது அந்தப் புத்தகத்தை வைத்துத்தான். சிறுவர்களுக்கென்று செய்த நூல் இல்லை அது. பிள்ளைகளுக்கென்று செய்யாததால்தான் ஒரு பிள்ளைக்கு அது அவ்வளவு பயன்பட்டது என்பது என் கட்சி. இந்த மடல் முழுக்க அந்தக் கட்சிக்கான வாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்திரங்களையும் தீர்ப்பு நகல்களையும் மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். வாதாடும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் ஊர் சிதம்பரம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. கடலூர் மாவட்டம் என்று ஆனது 1993இல். எண்பதுகளின் தொடக்கம், தமிழ்வழிப் பள்ளி. ஆங்கிலம் ஒரே ஒரு பாடம். ரீடர், நான்டீட்டெயில், ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் கொஞ்சம் ‘நியூ வேர்ட்ஸ்’. சார் அவற்றைக் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம், மறுநாள் டிக்டேஷன். தப்பாக எழுதினால் இம்போசிஷன். அந்தப் புதுச் சொற்களும் ரொம்பச் சின்னச் சொற்களாக இருக்கும். பெரிய சொல் ஏதாவது தப்பித்தவறி வந்துவிட்டால், இது பெரிய கிளாஸுக்கு என்று சார் தாண்டிப் போய்விடுவார்.

அவர்மேல் தவறில்லை. பின்னணி எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் கல்வித்துறையில் இருந்தவர். 1920களில் வங்காளப் பிள்ளைகளுக்காக வாசிப்பு நூல்கள் தயாரித்தார். எந்தச் சொல் அதிகம் புழங்குகிறது என்று எண்ணிப் பார்த்து, அவற்றை மட்டும் பொறுக்கி, பாடத்துக்கு இத்தனை என்று பங்கிட்டுத் தருகிற முறை அவருடையது. 1953இல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். அதையொட்டி வளர்ந்ததுதான் நம் பள்ளிகளுக்கு வந்த ‘ஸ்ட்ரக்சுரல்’ முறை: வாக்கிய அமைப்பைப் படிப்படியாகப் பழக்கு, சொல்லைக் கட்டுக்குள் வை. 1959ஐ ஒட்டிச் சென்னை மாநிலத்தில் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் பலருக்குச் சொல்லித்தர, அந்தப் பலர் இன்னும் பலருக்குச் சொல்லித்தர, உருண்டு பெருகும் என்பதால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்று பேர் வைத்தார்கள். பனியே பார்க்காத மாநிலத்துக்குப் பனியுருண்டை!

ஆங்கிலம் சரளமாக வராத ஆசிரியரும் நடத்தக்கூடிய பாடம் அன்றைக்குத் தேவைப்பட்டது. ஊர்ஊராகப் பள்ளி திறந்துகொண்டிருந்த காலம். அந்த அளவில் அது நியாயமான ஏற்பாடு. ஆனால் பாடநூலோடு நின்றுவிட்ட பிள்ளை எட்டாம் வகுப்பை முடித்த பிறகும் ‘தி இந்து’வின் ஒரு தலைப்பைக்கூடப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. வீட்டுத் திண்ணையில் கிடக்கிற பேப்பர் வேறு உலகத்துப் பேப்பராகவே கிடக்கும்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே சென்னையில், நீங்களும் உங்கள் குழுவினரும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் புழங்குகிற சொல்லையெல்லாம் வாரி, ஒவ்வொன்றுக்கும் தமிழ் கண்டு, ஆயிரம் பக்கத்துக்கு மேல் அடுக்கினீர்கள். கல்வித்துறை எங்களுக்குச் சொல்லை ஆழாக்கில் அளந்துகொண்டிருந்தபோது, நீங்கள் களத்துமேட்டில் நெல்லைக் குவித்துவிட்டுப் போனீர்கள்.

எனக்கு அது கிடைத்த இடம் ஊர்க் கிளை நூலகம். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் புண்ணியம். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத குறிப்புதவி நூல் வரிசையில் அது இருந்தது. உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு சின்ன லிஃப்கோ அகராதி உண்டு. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் அது இருந்தது, அதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு சொல்லுக்கு அவசரத்துக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் லிஃப்கோ போதும். உங்கள் புத்தகத்தில் அவசரம் செல்லாது. ஒரே சொல்லுக்குள் தாவரவியல், கப்பல், கட்டடக்கலை, சட்டம் என்று துறை துறையாகக் குறிப்பு வைத்துப் பொருளைப் பிரித்திருந்தீர்கள். ஒரு சொல்லைத் தேடிப் போனால் கப்பல் பாய்மரத்தில் ஏறி, கோயில் தூண் உச்சியில் இறங்கி, கோர்ட்டு வழியாக வெளியே வர வேண்டியிருக்கும். மழை பெய்தால் நூலகத்தில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாம் என்று வேண்டிக்கொள்கிற பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கஷ்டமானவை பெரிய சொற்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. குட்டிச் சொற்கள்தான் கழுத்தை அறுக்கும். ‘மேக்’ என்றால் செய் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பின்னாடியே ‘மேக் அப்’, ‘மேக் அவுட்’, ‘மேக் டூ’ என்று வந்து நிற்கும். எதிலும் ‘செய்’ இருக்காது. ‘புட்’, ‘கெட்’, ‘செட்’, ‘டேக்’ எல்லாம் இதே கதை. எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். ‘டஃப்’, ‘த்ரூ’, ‘காஃப்’ என்று வாயில் வருவது ஒன்று, தாளில் இருப்பது ஒன்று. அகராதியிலும் இந்தக் குட்டி வினைச்சொற்கள்தான் பத்தி பத்தியாக நீளும். நாலெழுத்துச் சொல்லுக்குப் பொருள் பார்க்க உட்கார்ந்தால் முதுகு வலிக்கும்.

பெரிய சொல் அப்படி ஏய்க்காது. அது பாதியாவது தன் பொருளைத் தானே சொல்லிவிடும். அதைப் பிரித்துப் பார்க்கிற வித்தை எங்களுக்கு ஆங்கில வகுப்பில் கிடைக்கவில்லை, தமிழ் வகுப்பில் கிடைத்தது. தமிழ் ஐயா நன்னூல் வழியில் பகுபத உறுப்பிலக்கணம் நடத்துவார். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். ‘நடந்தனன்’ என்பதை அக்கக்காகப் பிரித்துக் கரும்பலகையில் வைப்பார். அதே கையோடு நூலகத்துக்குப் போய் உங்கள் புத்தகத்தைத் திறந்தால், ஆங்கிலமும் பிரிந்து கொடுத்தது.

அறிவியல் பாடத்தில் டெலஸ்கோப்புக்குத் தொலைநோக்கி, மைக்ராஸ்கோப்புக்கு நுண்ணோக்கி என்று படித்திருந்தோம். ஆக ‘டெலி’ தொலைவு, ‘ஸ்கோப்’ நோக்கி. தெர்மாமீட்டர் வெப்பமானி என்றால் ‘மீட்டர்’ மானி. சைக்காலஜி உளவியல், சூவாலஜி விலங்கியல் என்றால் ‘லாஜி’ இயல். இப்படி விகுதிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம், நானும் பக்கத்துப் பெஞ்சுப் பையன் ஒருவனும். அவன் ஒருநாள் ‘ஹாரஸ்கோப்’பில் என்ன நோக்கி இருக்கிறது என்று கேட்டான். ஜாதகத்தில் யார் எதை நோக்குகிறார்கள்? தேடிப் பார்த்தால், ‘ஹோரா’ என்பது கிரேக்கத்தில் பொழுது. பிறந்த பொழுதை நோக்குவது ஹாரஸ்கோப். அந்த ‘ஹோரா’தான் சமஸ்கிருதம் வழியாக வந்து நம் பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தெருவில் தினமும் காலையில் ஓரை பார்த்துச் சொல்கிற தாத்தாவுக்குத் தான் கிரேக்கம் பேசுவது தெரியாது. அவரிடம் போய்ச் சொன்னோம். நம்பவில்லை.

இன்னொரு விகுதி ‘சைடு’. அது எங்களுக்குக் கிடைத்த இடம் நூலகமல்ல, உரக்கடை. சிதம்பரத்தைச் சுற்றி நாலு பக்கமும் வயல். வீராணம் திறந்துவிட்டார்கள் என்றால் பூச்சிமருந்துக் கடைகளில் கூட்டம் சேரும். டப்பாக்களில் ‘பெஸ்டிசைடு’, ‘இன்செக்டிசைடு’, ‘ஃபங்கிசைடு’, ‘ஹெர்பிசைடு’. பூச்சிக்கொல்லி, பூசணக்கொல்லி, களைக்கொல்லி. ஆக ‘சைடு’ என்றால் கொல்வது. அப்புறம் பேப்பரில் ‘சூயிசைடு’ என்று பார்த்தபோது யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ‘ஹோமிசைடு’, ‘இன்ஃபான்டிசைடு’, ‘ரெஜிசைடு’ என்று சாவு வகைகள் வரிசையாகத் திறந்துகொண்டன. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அரசனைக் கொல்வதற்குத் தனிச் சொல் எதற்கு என்று கேட்பார்கள். அந்த வயதில் அதைவிடச் சுவையான சொல் எது? பின்னால் செஷன்ஸ் கோர்ட்டுக் காகிதம் மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது இந்தக் குடும்பம் முழுக்க எனக்குப் பழக்கமானதாக இருந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியில் பெரிய பங்கு ஆங்கிலத்துக்கானது அல்ல என்பதும் இங்கேதான் வருகிறது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு நீங்கள் ஐந்தாறு தமிழ்ச் சொல் கொடுத்திருப்பீர்கள். அவற்றில் இரண்டு எனக்குத் தெரியும், மூன்று தெரியாது. ஆங்கிலம் கற்கப் போன இடத்தில் தமிழ் தெரியாமல் முழித்தேன். அடுத்த நாள் தமிழ் ஐயாவிடம் போய் நிற்பேன். இவன் ஏன் பாடத்தில் இல்லாததைக் கேட்கிறான் என்று முதலில் சந்தேகப்பட்டார். எந்தப் புத்தகம் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. சிதம்பரநாதன் செட்டியாரா, நம்ம அண்ணாமலை யுனிவர்சிட்டியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவராச்சே என்றார். அதுவரைக்கும், ஊர்ப் பெயரை வைத்திருக்கிறாரே, கோயில் சம்பந்தப்பட்டவராக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். யாப்பு ஆராய்ச்சி செய்து 1943இல் நூலாக வெளியிட்டவர் என்றெல்லாம் அவர்தான் சொன்னார். அசையும் சீரும் எண்ணிய ஒருவர் ஆங்கில அகராதிக்குப் போனது அப்போது வேடிக்கையாகப் பட்டது. சொல்லைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பின்னால் புரிந்தது.

சிதம்பரத்தில் ஆங்கிலம் என்றால் பெரியவர்கள் வேறொரு பெயரைத்தான் சொல்வார்கள். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வெள்ளிநாக்கு சீனிவாச சாஸ்திரியார். அரசியலுக்கு வருமுன் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், ஆகவே அவரும் பள்ளிக்கூடத்து ஆள்தான். காந்தியின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பைப் பெயர் போடாமல் திருத்திக் கொடுத்த பெரியவர் அவரே என்பார்கள். வெள்ளைக்காரனே அசந்துபோன ஆங்கிலம் என்று எங்கள் தெருவில் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அதே சாஸ்திரியார் 1940இல் சென்னை அரசு கலைச்சொல்லுக்காக அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றபோது, வடமொழிச் சாய்வு என்று தமிழறிஞர்கள் கொதித்தார்கள். அவருடைய ஆங்கிலம் எங்களுக்குக் கேள்விப்பட்ட கதையாகவே இருந்தது. உங்கள் புத்தகம் கைக்கு எட்டியது, தமிழையும் கூட்டிக்கொண்டு வந்தது. சாஸ்திரியார் ஆண்ட அதே வளாகத்தின் தமிழ்த்துறையிலிருந்து அப்படி ஒருவர் போனார் என்பதில் எனக்கு ஒரு ஊர்ப்பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

ஆங்கிலமும் தமிழும் இப்படிக் கூடிவருவதற்குப் பழைய வேர் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. 1864இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் சிறுவயதில் ஆங்கிலம் படித்தவர். பிறகு அதே பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவினார். ஆங்கிலம் படித்ததால் தமிழ் கெட்டுவிடும் என்று என் வீட்டில் ஒரு பெரியப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். நாவலர் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

உங்கள் குழுவில் இருந்தவர்களுக்கும் இந்த நன்றியைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். 1959 முதல் 1965 வரை உங்களோடு பணியாற்றிய பன்மொழிப்புலவர் கா. அப்பாத்துரையாரின் கை எந்தப் பக்கத்தில் எவ்வளவு என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால் சில இடங்களில் தமிழ்ச் சொல் அப்பட்டமாகப் புதிதாக, பளிச்சென்று இருக்கும். அங்கெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். அட்டைகளில் சொற்களை எழுதி, அகர வரிசைப்படுத்தி, அச்சுப்படி திருத்தியவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அச்சுக்கோத்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயத்தில் ஆங்கிலமும் தமிழும் ஒரே வரியில் கோப்பது லேசுப்பட்ட வேலையில்லை.

குறை இல்லையா என்றால், உண்டு. ஐந்தாறு தமிழ்ச் சொல்லை வரிசையாக வைத்தீர்கள், எது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று அதிகம் சொல்லவில்லை. யார் வாயிலும் வராத சொற்களும் ஊடே இருக்கின்றன. நன்கு விளைந்த நெல்லோடு பதரும் கிடந்தது, புடைக்கிற வேலையை எங்களிடம் விட்டீர்கள். ஏழாம் வகுப்பில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் செல்போனில் ஒரு சொல்லைத் தட்டினால் ஒரே ஒரு தமிழ்ச் சொல் வருகிறது. அதையே பொருள் என்று எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்த்தபிறகு உங்கள்மேல் இருந்த அந்த எரிச்சல் போய்விட்டது. உங்கள் சொற்களஞ்சியமும் இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் தேடிப் பார்க்கும்படி இருக்கிறது. நூலகத்துக்கு நடக்க வேண்டியதில்லை. என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு ஆகட்டும் என்று யாரையும் தள்ளிப்போடுவதில்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி போன மாதம் ‘ஆம்பிபியஸ்’ என்ற சொல்லைப் பிரித்துக்கொண்டு வந்தாள். ‘ஆம்பி’ இருபுறமும், ‘பயோ’ உயிர், பயாலஜியில் வருகிற அதே பயோ என்றாள். தவளையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒரு விண்ணப்பம் மட்டும் பாக்கி. என் பிரதியின் ஓரங்களில், உங்களுக்குப் பின் வந்த சொற்களை எழுதிக்கொண்டே வருகிறேன். சைபர் குற்றம், மின் கையொப்பம், காணொலி விசாரணை என்று கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தவை நிறைய. அவற்றையெல்லாம் அகர வரிசைப்படுத்தித் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் யாராவது புதிய பதிப்புக்கு உட்கார்ந்தால் கொடுத்துவிடலாம். ஒன்றில் மட்டும் தீர்மானத்துக்கு வர முடியவில்லை. அஃபிடவிட்டுக்குப் பிரமாணப் பத்திரம் என்று பழைய காகிதங்களில் இருக்கிறது, உறுதிமொழிப் பத்திரம் என்று புதியவற்றில் எழுதுகிறார்கள். கட்சிக்காரர்கள் இரண்டையும் சொல்வதில்லை. புவனகிரியிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் வருகிறவர்கள் ‘அபிடவிட்டு’ என்றேதான் கேட்கிறார்கள். மூன்றையும் போட்டுவிடலாமா, ஐயா, நீங்கள் போட்டதைப் போல?


சிதம்பரத்திலிருந்து உங்கள் வாசகன்